எண்களில் ஒரு குரல்

ஒலி என்பது காற்றின் அசைவு. தோன்றிய கணத்திலேயே மறைவது. அதை எண்களாக்கிச் சேமிக்கக் கற்றது நம் காலம் பெற்ற பெரும் பேறு. 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டில், ஒவ்வொரு விநாடி ஒலியும் 44,100 முறை அளக்கப்படுகிறது. மனிதச் செவிக்கு எட்டும் ஒலியின் மேல் எல்லை விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள். அதன் இருமடங்குக்கு மேல் அளந்தால்தான் அதைப் பிசகின்றி மீண்டும் எழுப்ப இயலும். ஒவ்வோர் அளவும் ஒரு முழு எண். சுழிக்குக் கீழே 32,768 முதல் மேலே 32,767 வரை. இதனை 16 பிட் அளவை என்பர்.

அப்படியாயின், ஓசையைக் கூட்டுவதும் குறைப்பதும் பெருக்கல் கணக்கேயாகும். எண்களைப் பாதியாக்கினால் ஓசை ஏறத்தாழ ஆறு டெசிபல் தணியும். ஆயினும் அக்கணக்கில் ஓர் இழப்பு ஒளிந்திருக்கிறது. 1,000, 1,003 என்னும் இரண்டு அளவுகளை 256-ஆல் வகுத்து முழு எண்ணாக்கிப் பதிந்தால் இரண்டும் 4 ஆகிவிடும். மறுபடி 256-ஆல் பெருக்கினாலும் இரண்டும் 1,024-தான். அவற்றிடையே இருந்த வேறுபாடு திரும்பி வாராது. கூட்டும்போதோ வேறொரு கேடு. 20,000-ஐ இரட்டித்தால் 40,000; அதற்கு இடமில்லை. எல்லையான 32,767-இலேயே அது வெட்டுண்டு நிற்கும். அலையின் சிகரங்கள் மழுங்கி, ஒலி கரகரக்கும்.

இஃது எனக்கு வெறும் ஏட்டுக் கணக்கன்று. 1984-இல் துபாயிலிருந்து என் வாப்பா, கடிதத்துக்குப் பதிலாக ஒரு கேசட்டில் பேசி அனுப்பினார்கள். பல்லாண்டுகளுக்குப் பின் அதனை எண்வடிவாக்க ஒரு கடையில் கொடுத்தோம். குரல் மெலிந்திருக்கிறதென்று கடைக்காரர் ஓசையைப் பன்மடங்கு கூட்டிப் பதிந்து தந்தார். முன்னர் எடுத்த பதிவை அழித்துவிட்டார். நாடாவும் பூஞ்சை பிடித்து இற்றுப்போயிற்று. வாப்பா மெல்லச் சொன்னவை இன்று தெளிவாகக் கேட்கின்றன. என் பெயரை உரக்க அழைத்துச் சிரித்த இடம் மட்டும் கரகரக்கிறது. எவ்வளவு தணித்து வைத்தாலும் அந்தக் கரகரப்பே தணிந்து கேட்கிறது, சிரிப்பு மீளவில்லை.

பழைய நாடாக்களைப் போற்றி வைத்திருப்போர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். பதியும்போதே சிகரங்களுக்கு மேல் சற்று இடம் விட்டு, 24 பிட் அளவையில் பதியச் சொல்லுங்கள். அதில் ஒரு கோடியே 67 லட்சத்துக்கு மேற்பட்ட படிகள் உண்டு. முதற்பதிவை அப்படியே காத்து, திருத்தங்களை அதன் பிரதியில் மட்டும் செய்யுங்கள். ஓசையைக் கூட்டுவதும் குறைப்பதும் கேட்பவர் கையிலுள்ள கருவியில் நிகழட்டும். நம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டியது, பேசியவர் பேசியபடியே உள்ள குரல்.