காப்பிக்கொட்டைக் கலரில் ஆறு மீட்டர்

லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலையாகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இன்னமும் ஆட்டோக்காரரிடம் பழைய பேரைச் சொன்னால்தான் சட்டென்று விளங்குகிறது. அங்கிருந்து கோபாலபுரத்துக்குள் திரும்பி, மைதானத்தில் கிரிக்கெட் ஆடும் பையன்களின் கூச்சல் எட்டும் தூரத்தில் ஒரு பழைய வீடு. அதன் மொட்டைமாடியில்தான் சாய வேலை. தகரக் கொட்டகை, இரண்டு கேஸ் அடுப்பு, எவர்சில்வர் அண்டாக்கள், ஒரு சின்ன டிஜிட்டல் தராசு, குறுக்கே நீளமாக ஒரு கொடி. நடத்துகிற அம்மாவுக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். "பேரெல்லாம் போடாதீங்க சார், ஆர்டர் தாங்காது" என்று சிரித்தார். உதவிக்கு இராயப்பேட்டையிலிருந்து வரும் பெண் அவரை அக்கா என்கிறாள்.

அன்றைக்கு வந்திருந்தது ஒரு புடவைத் துணி: ஆறு மீட்டர் கைத்தறிப் பருத்தி, எடை 600 கிராம். கூடவே மாதிரிக்கு ஒரு பழைய ரவிக்கை, அதில் குத்திய சீட்டில் 'காப்பிக்கொட்டைக் கலர்' என்று எழுத்து.

"எந்தக் காப்பிக்கொட்டை? இள வறுவலா, கருக வறுத்ததா?" என்று கேட்டுக்கொண்டே ரவிக்கையை எடுத்துக்கொண்டு வெயிலுக்குப் போனார். பட்டுக் கடையில் புடவையை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார்களே, அதே காரணம்தான். டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு பழுப்புகள் பகல் வெளிச்சத்தில் ஒன்று சிவந்தும் மற்றது பச்சையோடியும் நிற்கும். பிறகு கைப்பக்கத் தையலைப் பிரித்தார். மடிப்புக்குள் இருந்த துணி வெளியே இருந்ததைவிட நன்றாகவே அழுத்தம். "இப்ப எதுக்கு மேட்ச் பண்றது? உள்ளே இருக்கிறதுதான் நெஜக் கலர். வெளியே இருக்கிறது, அவங்க தெனம் பாத்த கலர்." வாடிக்கையாளரைப் போனில் பிடித்துக் கேட்டார். வெளியே இருப்பதுதான் வேண்டுமாம்.

பாரிமுனைப் பக்கம் போனால் 'பிரவுன்' என்றே ஒட்டிய ரியாக்டிவ் சாயப் பொட்டலம் கிடைக்குமே, எதற்கு இந்தப் பாடு என்றேன். பதில் சொல்லாமல் மூக்கில் மாஸ்க்கை இழுத்துவிட்டு, நனைத்த டிஷ்யூ காகிதத்தின்மேல் அப்படியொரு பொட்டலத்திலிருந்து ஊசி முனை அளவு பொடியைத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் காகிதத்தில் புள்ளிகள் விரிந்தன: ஆரஞ்சு, ரத்தச் சிவப்பு, அங்கங்கே கருநீலம். பழுப்பாக ஒரு புள்ளிகூட இல்லை. ஆரஞ்சை நீலம் அடக்கினால் வருவதுதான் பழுப்பு. பொட்டலக்காரர் முன்கூட்டியே கலந்து விற்கிறார், அவ்வளவே. அண்டாவில் முழுத் துணியை ஊறவிட்டுக் கிளறினால் இந்தக் கலவை வெளியே தெரியாது. முடிச்சுப் போட்டோ மடித்தோ சாயமேற்றினால் குட்டு உடைந்துவிடும். ஒவ்வொரு சாயமும் நூலைப் பிடிக்கும் வேகம் வேறு. முந்துகிறது ஓர் இடத்தில் உட்கார, மற்றது ஊர்ந்து போய் ஓரத்தில் ரோஜா வளையமோ நீலக் கசிவோ போடும். சிலர் அதற்காகவே பொட்டலப் பழுப்பைத் தேடி வாங்குகிறார்கள். ஒரே சீரான புடவைக்கு அது ஆகாது.

ஆகவே ரியாக்டிவ் என்றால் இவரே மஞ்சள், சிவப்பு, நேவி மூன்றையும் தனித்தனியாகக் கரைத்து வைத்துக்கொண்டு கலக்குகிறார். பருத்தி நூலோடு வேதியியல் பிணைப்பே போட்டுக்கொள்ளும் இந்த வகைச் சாயத்தை இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனி 1956இல் புரோசியான் என்ற பேரில் கடைக்குக் கொண்டுவந்தது. அடுப்பே வேண்டாம், உப்பும் சோடா ஆஷும் போதும். ஒரே நிறத்தில் முப்பது துப்பட்டா கேட்டால் இதுதான் கைகொடுக்கும் என்கிறார். எனக்கும் அதில் மறுபேச்சில்லை. இயற்கைச் சாயம் என்றாலே புண்ணியம் என்று பேசுவோருக்கு ஒன்று சொல்லலாம்: காசுக்கட்டிப் பழுப்பு கெட்டிப்பட பழைய பட்டறைகளில் பொட்டாசியம் டைக்ரோமேட்டில் முக்குவார்கள். அது விஷம். இந்த மாடியில் அதற்கு இடமில்லை.

ஒற்றைப் புடவை என்பதால் அன்றைக்கு எடுத்தது காசுக்கட்டி. இவருக்குச் சரக்கு மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடையிலிருந்து வருகிறது. ஒருவகை வேல மரத்தின் வைரத்தைச் சீவிக் கொதிக்கவைத்து வற்றக் காய்ச்சியது. கையில் எடுத்தால் வெல்லக்கட்டிபோல் உடைகிறது. அதற்கு முன்னால் கடுக்காய். துணி எடையில் ஐந்தில் ஒரு பங்கு கடுக்காய்த் தூளைக் கரைத்து அதில் ஊறப்போட்ட துணி, வெளிறிய மஞ்சளாகக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. 1742இல் சோழமண்டலக் கரைச் சாயக்காரர்களின் கைமுறையைப் பிரான்சுக்குக் கடிதமாக எழுதிய யேசு சபைப் பாதிரியார் கெர்து, கடுக்காயோடு எருமைப் பாலும் சேர்த்ததைக் குறித்திருக்கிறார். எழுதுகோலால் வரைந்த கோடு பரவாமலிருக்க அந்தப் பால் உதவும். இங்கே கோடு இல்லை, அதனால் பாலும் இல்லை. படிகார நீரில் ஒரு முக்கு, அப்புறம் நேரே அண்டா.

முழுத் துணியில் கைவைக்குமுன் பத்துப் பத்து கிராமில் வெட்டிய துண்டுகளில் சோதனை. வெறும் காசுக்கட்டி செம்மண் வாட்டத்தில் வந்தது. இரண்டாவது துண்டைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் நனைத்ததும் இன்னும் சிவந்தது. வெற்றிலை போடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. ரவிக்கையோ இந்த இரண்டையும்விட மங்கல். மங்கவைக்கும் சரக்கு அன்னபேதி.

என் கண் அங்கேதான் நிலைத்தது. அன்னபேதி என்பது இரும்பு உப்பு. கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்தால் கருக்கும். நூறு மில்லி தண்ணீரில் ஒரு கிராம் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சி அளக்கிறார். பத்து கிராம் துண்டுக்கு ஐந்து மில்லி என்றால் அரை சதவீதம், பத்து என்றால் ஒன்று, இருபது என்றால் இரண்டு. மூன்று கிண்ணம், மூன்று துண்டு. அரை சதவீதத்தில் சிவப்பு வாட்டம் அப்படியே அடங்கியது. ஒன்றில் வறுத்த கொட்டை. இரண்டில் பழுப்பே போய் ஈரச் சாம்பல். இத்தனைக்கும் கண்ணால் பார்க்க மூன்று கிண்ணத்துத் தண்ணீரும் ஒன்றுபோலத்தான் இருந்தன. பொட்டலமோ காசுக்கட்டியோ, பழுப்பின் தலையெழுத்து இந்தக் கடைசிச் சொட்டில்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. நேவியும் அன்னபேதியும் செய்வது ஒரே வேலை.

"கூடப் போட்டா கலர் மட்டுமில்ல, துணியும் போயிடும்" என்றார். அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய சோழமண்டலச் சீட்டித் துணிகளில் சிவப்பு இன்றும் பளிச்சென்றிருக்க, கருங்கோடுகள் ஓடிய இடம் மட்டும் இற்றுப்போயிருப்பதை நானும் பார்த்திருக்கிறேன். இரும்பின் வேலை அது. அதே பயத்தால்தான் இங்கே போர் தண்ணீர் அண்டாவுக்குள் போவதில்லை. ஒரு டம்ளர் போர் தண்ணீரில் அந்தப் பெண் கடுக்காய்க் கரைசலைச் சொட்டிக் காட்டினாள். டம்ளர் சாம்பல் பூத்தது. மெட்ரோ தண்ணீரில் சொட்டியது மஞ்சளாகவே நின்றது.

துண்டுகளைக் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே ரவிக்கைப் பக்கத்தில் வைத்தார்கள். ஈரத்தில் எல்லாமே ஒரு படி அழுத்தமாகத் தெரியும். அந்தப் பெண் ஒரு சதவீதத் துண்டைத் தொட்டு, "இதுதான்க்கா, அச்சு அசல்" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அம்மா அரை சதவீதத் துண்டை எடுத்தார்.

"இது கொஞ்சம் வெளுப்பா இருக்கேம்மா?" என்றேன்.

"காசுக்கட்டி அண்டாவ விட்டு வந்தப்புறமும் காத்து பட்டுப் பட்டு ஏறும் சார். இன்னிக்கே சரியா இருந்தா அடுத்த வாரம் ஓவராயிடும்."

600 கிராமுக்கு 3 கிராம் அன்னபேதி என்று நோட்டில் எழுதிக்கொண்டு அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார்: "அவங்களுக்குப் போன் பண்ணி, நாளைக்கு வராதீங்க, எட்டு நாள் கொடியில போட்டுட்டுத்தான் தருவோம்னு சொல்லிடு. அட்வான்ஸ் ஜிபேல போடச் சொல்லு."