பதம்

புறவழிச்சாலையோரம் ஒரு புளியமரம். அதனடியில் மூங்கில் கடை. ஏணிகள், தட்டிகள், பந்தல் கால்கள். தனியே ஒரு கட்டு கல் மூங்கில். உள்ளே பொந்து குறைவு, கனம் அதிகம். சிலம்பக் கம்புக்கும் லத்திக்கும் இதுதான்.

பின்னால் தொட்டியில் இன்னொரு கட்டு ஊறுகிறது. தண்ணீர் பழுப்பு. மூக்கைப் பிடிக்க வைக்கும் வாடை. வண்டு தேடி வரும் மாவுச்சத்து அதில் கரைகிறது.

இரண்டு செங்கல். இடையில் தீ. எரிவதும் மூங்கில் சீவல்தான்.

பெரியவர் குந்தியிருக்கிறார். தீக்கு மேல் கம்பு உருள்கிறது. நிற்பதில்லை. பச்சை போகிறது, மஞ்சள் வருகிறது. தோலில் பளபளவென்று கசிவு. கந்தல் துணி அதைத் துடைக்கிறது.

அடுப்புக்குள் ஒரு கணுத்துண்டு படாரென வெடிக்கிறது. உள்ளே அடைபட்ட நீராவி. பெஞ்சில் இருக்கும் பையன் துள்ளுகிறான். பெரியவர் திரும்பவில்லை.

ஈரமுள்ள மூங்கில் 100 டிகிரியைத் தாண்டினால், நார்களைப் பிணைக்கும் லிக்னின் இளகுகிறது. கம்பு மரக்கவைக்குள் நுழைகிறது. உடம்பின் பாரம் முழுதும் அதன் மேல். ஈரச்சாக்கு விழுகிறது. புஸ். ஆறும்வரை பிடி தளர்வதில்லை. ஒற்றைக் கண்ணால் நீளம் பார்க்கிறார். இன்னும் ஒரு கோணல். மறுபடி தீ. மறுபடி கவை.

செல்போன் ஒலிக்கிறது. மகள். பேரனுக்குக் காய்ச்சல். உருண்ட கம்பு நிற்கிறது. பேச்சு முடியும்போது இரண்டு முழம் காப்பிக்கொட்டை நிறம்.

அந்தக் கம்பு மூலைக்குப் போகிறது. அங்கே அதே நிறத்தில் ஏற்கெனவே மூன்று.

பையன் எழுந்து மூலைக்குப் போகிறான். ஒன்றை எடுக்கிறான்.

“வைரம் பாஞ்ச மாதிரி இருக்குய்யா. இதையே எடுத்துக்கட்டுமா?”

பெரியவர் அதை வாங்குகிறார். கல்லில் ஓங்கி ஒரு தட்டு. டப். இரண்டு துண்டு. முறிந்த இடம் சுத்தம், சிம்பு தொங்கவில்லை.

200 டிகிரியை நெருங்கும் சூட்டில் ஹெமிசெல்லுலோஸ் சிதைகிறது. ஈரத்தை அதிகம் இழுத்து வைப்பது அதுதான். கறுத்த கம்பு மழையில் அவ்வளவாக ஊதாது. பூஞ்சைக்கும் அதில் தீனி குறைவு. அடி மட்டும் தாங்காது.

மஞ்சள் கம்பு ஒன்று பையன் கைக்கு வருகிறது. சுழற்றுகிறான். கல்லில் அடிக்கிறான். கம்பு எம்பித் திரும்புகிறது. 200 ரூபாய். சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிறான்.

கார் ஒன்று நிற்கிறது. கூலிங் கிளாஸ் அணிந்த பெண். அவர் விரல் நேராக மூலையை நோக்கி நீள்கிறது.

“அந்த டார்க் கலர் மூணும் எவ்வளவு?”

“எதுக்கும்மா?”

“சும்மா, ஹால்ல சாத்தி வைக்க.”

பெரியவர் கம்புகளைத் துணியால் துடைக்கிறார். கொஞ்சம் எண்ணெயும் தடவுகிறார்.

“ஒண்ணு முந்நூறும்மா. கூடுதலா வெந்தது.”