வாயில கொழுக்கட்டையா?

'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்'னு ஒரு பழமொழி இருக்கே, அதைச் சொன்ன புண்ணியவான் கையில கிடைச்சா ரெண்டு வார்த்தை கேக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. கிடைச்சாலும் கேக்காம வந்துடுவேன், அது வேற விஷயம். நம்ம இனம் அப்படி :-)

கொஞ்ச நாளா ஆபீஸ்ல ஆணி அதிகம், இந்தப் பக்கமே வர முடியலை. போன வாரம் டீக்கடையில ஒரு நண்பர், "ஆன்லைன் கிளாஸெல்லாம் ஒரு படிப்பாய்யா? மனுஷன் மூஞ்சி பாக்காம என்ன படிப்பு?"ன்னு பொரிஞ்சு தள்ளினார். தலையாட்டிட்டு டீயைக் குடிச்சுட்டு வந்துட்டேன். அதுக்கான பதில்தான் இந்தப் பதிவு.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இன்ட்ரோவெர்ட்னா கூச்ச சுபாவம்னு எல்லாரும் நினைக்கிறாங்க. இல்லீங்க. கூச்சம்ங்கிறது பயம். யுங் 1921லயே தன் புத்தகத்துல பிரிச்சுக் காட்டின இந்த அகமுகம், புறமுகம் சமாச்சாரம் மனசு எந்தப் பக்கம் திரும்பி நிக்குதுங்கிறதைப் பத்தினது. தேர்த் திருவிழாவுக்குப் போயிட்டு வந்தா சிலருக்குத் தெம்பு கூடும். சிலருக்கு ரெண்டு நாள் மொட்டைமாடியில தனியா உக்காந்தாத்தான் பழைய நிலைக்கு வரமுடியும். திருவிழா ரெண்டு பேருக்குமே பிடிச்சிருக்கும்!

இப்ப வகுப்பறைக்கு வாங்க. வாத்தியார் கேள்வி கேக்கறார். யோசிச்சு, வாக்கியம் கோத்து, சரியான்னு ஒருதரம் உள்ளுக்குள்ள சொல்லிப் பாத்து முடிக்கறதுக்குள்ள முதல் பெஞ்சு பதில் சொல்லிடும். அமெரிக்காவில மேரி பட் ரோன்னு ஒரு அம்மா வகுப்புகளை டேப்ல பதிவு பண்ணி ஆராய்ஞ்சாங்க, 1970கள்ல. கேள்வி கேட்டுட்டு ஆசிரியர்கள் காத்திருக்கிற நேரம் சராசரியா ஒரு செகண்டுதான். அதை மூணு செகண்டா ஆக்கினா பதில்கள் நீளமாச்சு, எப்பவும் பின்தங்கின பிள்ளைங்கன்னு ஒதுக்கப்பட்டவங்களும் பேச ஆரம்பிச்சாங்க. வெறும் ரெண்டு செகண்ட் வித்தியாசங்க. நம்ம ஊர்ல 60 பேர் கிளாஸ்ல அந்த ரெண்டு செகண்டை யார் குடுப்பா? "வாயில கொழுக்கட்டையா? உக்காரு"ன்னு அடுத்த ஆளுக்குப் போயிடுவாங்க.

எங்க அக்கா பொண்ணு 2019ல இன்ஜினியரிங் சேர்ந்தா. கொங்குப் பக்கம் ஒரு கல்லூரி, பேர் வேண்டாம். பிளஸ் டூவில நல்ல மார்க். ஆனா அங்க தினமும் யாராவது ஒருத்தரை எழுப்பி முன்னாடி போய் நேத்து பாடத்தை விளக்கச் சொல்றது வழக்கமாம். ஹாஸ்டல் ரூம்ல நாலு பேர். அதாவது முழிச்சிருக்கிற நேரம் பூரா கூட்டம். நாலாவது மாசம், "படிப்பு வேண்டாம், வீட்டுக்கு வர்றேன்"னுட்டா. அக்கா என்னைப் பேசச் சொல்லி அனுப்பினா. யாரை அனுப்பறோம்னு யோசிச்சிருக்க வேண்டாமா! மாமனும் மருமகளும் வாய்க்கால் கரையில அரைமணி நேரம் ஒரு வார்த்தை பேசாம உக்காந்திருந்தோம். கடைசியில அவளே, "பாடம் புரியாம இல்லீங்க மாமா. புரியுதுன்னு காட்டறதுதான் முடியலீங்க"ன்னா.

அந்த வாக்கியம் ரொம்ப நாள் மண்டைக்குள்ளேயே ஓடிச்சு. எப்படியோ பல்லைக் கடிச்சுட்டு அந்த செமஸ்டரை ஓட்டினா. 2020 மார்ச்ல கொரோனா, கல்லூரி மூடியாச்சு, கூகுள் மீட்ல பாடம்.

ஊரே ஆன்லைன் வகுப்பைத் திட்டிக்கிட்டிருந்த நேரத்துல இவ மட்டும் தெளிஞ்சா. "சார் கேள்வி கேட்டா பதிலை அடிச்சு வெச்சுட்டு, ரெண்டு தடவை படிச்சுப் பாத்துட்டு எண்டர் தட்டறனுங்க மாமா"ன்னா போன்ல. பாருங்க, அந்த அம்மா சொன்ன செகண்டுகள் வந்து சேர்ந்துடுச்சு. ஒரு மேடம், "யாரும்மா இது, ரொம்ப சரியா எழுதறியே"ன்னு பேர் சொல்லிப் பாராட்டியிருக்காங்க. பதிவு பண்ணின பாடத்தை நிறுத்தி, பின்னாடி போய், புரியாத இடத்தை மூணாவது தடவை கேட்டுக்கலாம். மூணாவது தடவை கேக்கறதுக்கு யாரும் சலிச்சுக்க மாட்டாங்க. 2021 செப்டம்பர்ல கல்லூரி திறந்தப்ப, அந்த மேடத்துக்கு இவ பேர் தெரிஞ்சிருந்துச்சு. லேப்ல போய் சந்தேகம் கேக்கறதுக்கு அது போதுமா இருந்துச்சு அவளுக்கு.

நானும் சும்மா இருக்கலை. என்பிடெல்ல ஒரு 12 வாரப் பாடம் சேர்ந்தேன். ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தறது. சேர காசு கிடையாது, சான்றிதழ் வேணும்னா தேர்வுக்கு 1000 ரூபாய் (நான் எழுதினப்ப). வாரா வாரம் வீடியோ, ஒரு அசைன்மெண்ட். பன்னிரண்டுல நல்லா பண்ணின எட்டை எடுத்து 25 சதவீதம், தேர்வு மையத்துக்கு நேர்ல போய் எழுதற பரிட்சைக்கு 75. ராத்திரி பத்து மணிக்கு வீடு அடங்கினதும் உக்காருவேன். அந்த நேரத்துல எனக்கு வர்ற கேள்விகள் பகல்ல வராது. ஐஐடி மெட்ராஸ் 2020ல அறிவிச்ச ஆன்லைன் பட்டப்படிப்பும் இந்த மாதிரிதான்: பாடம் வீட்ல, பரிட்சை மையத்துல.

அதுக்காக ஆன்லைன்ல எல்லாமே சொர்க்கம்னு சொல்ல வரலை. எல்லாரும் கேமராவைப் போடுங்கன்னு கட்டாயப்படுத்தினா கதை கந்தல். வகுப்புல பின்னாடி பெஞ்சுல ஒளிஞ்சுக்கலாம், இங்க எல்லார் மூஞ்சியும் முதல் பெஞ்சு. போதாததுக்கு நம்ம மூஞ்சியையே மணிக்கணக்கா பாக்கணும். ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் பெய்லன்சன் இந்த ஜூம் சோர்வைப் பத்தி 2021ல விளக்கமா எழுதியிருக்கார். அதனால அமைதியான பிள்ளைக்குப் பொருந்தறது நேரலை கூட இல்லை, நம்ம நேரத்துல கேட்டு எழுத்துல பதில் சொல்ற முறைதான். இது என் அபிப்பிராயம், ஒத்துக்காதவங்க வந்து கும்மலாம்.

இன்னொண்ணு. என் அக்கா பொண்ணுக்குக் கதவு சாத்தின அறை இருந்துச்சு. ஒத்தை ரூம் வீட்ல, அப்பா போனை வாங்கி, டிவி சத்தத்துக்கு நடுவுல பாடம் கேட்ட பிள்ளைக்கு ஹாஸ்டல் நூலகமே அமைதியான இடம். அப்புறம் பேசாத பிள்ளை திரைக்குப் பின்னாடி மெல்ல மூழ்கினாலும் யாருக்கும் தெரியாது. நேர்லன்னா பக்கத்துப் பெஞ்சுக்காரியாவது "சாப்பிட்டியா?"ன்னு கேப்பா. வைவாவும் குரூப் டிஸ்கஷனும் வீடியோ பாத்து வராது. அவளும் முதல் ரெண்டு கேம்பஸ் இன்டர்வியூல குரூப் டிஸ்கஷன்லயேதான் வெளிய வந்தா. மூணாவதுல எழுத்துத் தேர்வுதான் அதிகம். கிடைச்சுடுச்சு.

முழுசா ஆன்லைனுக்கு மாறணும்னும் அவசியமில்லை. 2021 யுஜிசி விதிப்படி ஒரு செமஸ்டர்ல 40 சதவீதம் பாடங்கள் வரை ஸ்வயம் மூலமா படிச்சு கிரெடிட் வாங்கலாம், கல்லூரி ஒத்துக்கிட்டா. அஞ்சுல ரெண்டு பாடம் மூச்சு விட்டுப் படிக்கலாம்னா மீதி மூணுக்கு எழுந்து நின்னு பேசத் தெம்பு இருக்கும். உங்க வீட்ல அப்படி ஒரு பிள்ளை இருந்தா துறைத் தலைவரைக் கேட்டுப் பாருங்க. என்பிடெல்ல ஜனவரியிலயும் ஜூலையிலயும் பாடங்கள் தொடங்கும்.

டீக்கடை நண்பருக்கு இதோட சுட்டியை அனுப்பலாம்னு இருக்கேன். நேர்ல சொல்றதுக்கு... ஹிஹி. சரி, ஆணி கூப்பிடுது. வர்ட்டா!