ஹட்டன் கவுண்டரில் மூன்றாவது ஆள்

ஹட்டன்,
2024 மார்ச்

அன்புத் தோழிக்கு,

"தேயிலை மலையைப் பற்றி எழுதாதே, அதை எல்லாரும் படத்தில் பார்த்தாகிவிட்டது, கவுண்டரில் இருப்பவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று எழுது" என்றாய். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் நாளெல்லாம் பயணிகளின் முகத்தைப் பார்த்து வேலை செய்கிறவள், வேறு எதைக் கேட்பாய்!

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியதுமே உனக்கான செய்தி கிடைத்துவிட்டது. அங்கே வருகைப் பக்கத்துத் தீர்வையில்லாக் கடைகளில் சாக்லேட்டும் சென்ட்டும் மட்டுமல்ல, ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் வரிசையாக நிற்கும். வளைகுடாவில் வீட்டுவேலை பார்த்துத் திரும்பும் பெண்களை நம்பியே பாதி வியாபாரம். அப்படித் திரும்பிய ஒரு பெண்ணைக் கடைப்பையன் "அக்கே" என்று சிங்களத்தில் கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. உடனே "அக்கா, வாங்க, எந்த ஊரு? தலவாக்கலையா? லயத்து வாசல் வரைக்கும் சாமான் வந்துரும்" என்று தமிழுக்குத் தாவினான். "வெலைய மட்டும் சொல்லு தம்பி" என்றாள் அவள். அவள் பையில் பணம் இருக்கிறது. அவன் வாயில் தமிழ் இருக்கிறது. விற்க வேண்டியவன் எப்படியோ மொழியைக் கற்றுக்கொள்கிறான்.

மறுநாள் கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறி மத்தியானம் ஹட்டன் வந்தேன். இங்கே ரயிலுக்குக் கோச்சி என்று பெயர். கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேல் உள்ள இந்த ஸ்டேஷனுக்குத் தண்டவாளம் வந்தது 1884-இல். அடுத்த ஆண்டே நானுஓயா வரை போய்விட்டது. ஏறிப் போகிறவர்களுக்காகப் போட்ட பாதை அல்ல, தோட்டத்துச் சரக்கைத் துறைமுகத்துக்கு இறக்கப் போட்டது. 1964-இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு மலையக மக்களைக் குடும்பம் குடும்பமாகத் தலைமன்னாருக்குக் கொண்டுபோய் இந்தியாவுக்குக் கப்பலேற்றியதும் கோச்சிதான். அந்தப் பிரிவின் அழுகையை வைத்துத்தான் மலையக எழுத்தாளர் மு. சிவலிங்கம் தம் சிறுகதைத் தொகுப்புக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வைத்திருக்கிறார்.

சரி, கவுண்டருக்கு வருகிறேன். வெளியே வடை வாசனை, பெஞ்சில் இடம். உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். தலையில் துண்டு கட்டிய தோட்டத்துப் பெரியவர் ஒருவர் கம்பி ஜன்னலுக்குள் குனிந்து, "மாத்தயா, கொழும்புக்கு ரெண்டு" என்றார். உள்ளே இருந்தவர் சிங்களத்தில் ஏதோ நீளமாகச் சொன்னார். கோபமில்லை, சலிப்புமில்லை. ஆனால் பெரியவருக்குப் பிடிபடவில்லை. உள்ளே இருந்தவர் அதையே மறுபடி, கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். மொழி தெரியாதவனுக்குக் காதும் கேட்காது என்று நினைப்பது எல்லா ஊர்க் கவுண்டருக்கும் பொது போலும்.

அப்போது வரிசையில் மூன்றாவதாக நின்ற பையன், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சீட்டு இல்லையாம் தாத்தா, நின்னுக்கிட்டுத்தான் போகணுமாம்" என்றான்.

"ஏறிக்கிட்டாப் போதும்னு சொல்லுப்பா."

பையன் அதைச் சிங்களத்தில் சொன்னான். டிக்கெட் வந்தது. யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. அவ்வளவு வழக்கமான காரியம் அது.

அதற்குப் பிறகு அந்த மூன்றாவது ஆளையே தேட ஆரம்பித்தேன். ஒருமுறை பள்ளிக்கூடப் பெண், ஒருமுறை கொழும்புக் கடையில் வேலை பார்க்கும் இளைஞன், ஒருமுறை சிங்களத்து அம்மா ஒருவரே அரைகுறைத் தமிழில். எல்லா (அதுதான், ஒன்பது கண் பாலம் உள்ள ஊர்) போகும் வெள்ளைக்காரர்கள் வந்தால் மட்டும் ஆள் தேவைப்படவில்லை. உள்ளே இருப்பவரே எழுந்து நின்று ஆங்கிலத்தில் விளக்கினார்.

வெளியே பஸ்களில் கதை தலைகீழ். டிசம்பர் பௌர்ணமியான போயாவிலிருந்து மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலை சீசன். தெற்கிலிருந்து வந்து இறங்கும் யாத்திரைக்காரர்கள் மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் பஸ் எது என்று சிங்களத்தில் கேட்க, தமிழ்க் கண்டக்டர் சளசளவென்று அதே மொழியில் பதில் சொல்லி, அடுத்த மூச்சில் தோட்டத்து அம்மாவை "ஆயா, உள்ள போங்க" என்கிறார். இந்த மாவட்டத்தில் பாதிக்கு மேல் தமிழர்கள். 1956-இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தது. 1987-இல் அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. பெயர்ப்பலகைகள் மூன்று மொழியிலும் பளிச்சென்று இருக்கின்றன. பலகைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் உள்ள தூரத்தைத்தான் அந்தச் செல்போன் பையன் சம்பளமில்லாமல் நிரப்பிக்கொண்டிருக்கிறான்.

ரயில் ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். இது ஒற்றைத் தண்டவாளம். அடுத்த ஸ்டேஷன் வரை பாதை காலி என்பதற்கு அடையாளமாக, 'டேப்லெட்' என்னும் வட்டத் தகட்டைத் தோல் பையில் போட்டு, பெரிய வளையத்தில் கோத்து டிரைவரிடம் நீட்டுகிறார்கள். ஒரு பகுதிக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு தகடுதான் வெளியே வரும்படி இரு ஸ்டேஷன் கருவிகளும் பிணைந்திருக்கின்றன. அது கைக்கு வராமல் டிரைவர் நகரமாட்டார். யார் எந்த மொழிக்காரர் என்ற பேச்சே இல்லை, தவறு நேரவும் பெரிதாக வழியில்லை. தண்டவாளத்துக்கு இவ்வளவு யோசித்தவர்கள் ஜன்னலுக்கும் யோசித்திருக்கலாம்.

நாம் ஒன்றும் உசத்தியில்லை. 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில், இந்தி தெரியாததால் தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசச் சொன்னதற்கு, "நீங்கள் இந்தியரா?" என்று ஒரு பாதுகாப்புப் படை அதிகாரி கேட்டதாகக் கனிமொழி சொன்னது நினைவிருக்கும். அவர் எம்.பி.; மறுநாள் நாடே பேசியது. குவைத்துக்குப் போகும் கடலூர்க்காரருக்கு அப்படி நேர்ந்தால் உன் வரிசையிலும் யாரோ ஒரு மூன்றாவது ஆள்தான் வாய் திறக்க வேண்டும்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஷிப்ட் பட்டியலில் வளைகுடா விமானம் கிளம்பும் வேளைகளில் தமிழ் தெரிந்தவர் ஒருவராவது இருக்கிறாரா என்று பார். இல்லையென்றால் மேலாளரிடம் எழுத்தில் கேள். உதவுகிற மனசு ஜனங்களிடம் ஏராளம்; அதை நம்பியே அலுவலகங்கள் சும்மா இருந்துவிடுகின்றன.

நாளைக்குத் தலவாக்கலை வழியாக நுவரெலியா. குளிர் எலும்பைத் துளைக்கும் என்கிறார்கள், ஸ்வெட்டர் வாங்க வேண்டும். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் தோழி