குழந்தையின் நடையில் ஒரு நகரம்

நுழையும்முன்

ஒரு நகரின் பெருமையை அதன் மாளிகைகளைக் கொண்டும் வாணிகத்தைக் கொண்டும் மதிப்பிடுவது வழக்கம். அந்நகரின் தெருவில் ஒரு குழந்தை அச்சமின்றி நடக்க முடிகிறதா என்று கேட்போர் சிலரே. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் ஒரு கோடைநாளைக் கழித்த குடும்பத்தைப் பின்தொடர்ந்து அக்கேள்விக்கு விடை தேடுவோம்.

நீண்ட பகல்

வட ஐரோப்பாவில் கோடை என்பது வெயிலுக்கு அஞ்சி ஒதுங்கும் பருவமன்று. வெயிலைத் தேடிச் செல்லும் பருவம். குளிர்காலத்தில் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே இருண்டுவிடும் கோபன்ஹேகனில், ஜூன் மாத இறுதியில் இரவு பத்து மணியளவில்தான் கதிரவன் மறைகிறது. அத்தகைய நாளொன்றில் தாய், தந்தை, ஏழு வயது மகள், மூன்று வயது மகன் என நால்வர் ஓடென்ஸ நகரிலிருந்து தொடர்வண்டியில் வந்திறங்கினர்.

ஓடென்ஸ, கதைமேதை ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1805ஆம் ஆண்டு பிறந்த ஊர். காலணி தைக்கும் ஏழைத் தொழிலாளியின் மகனான அவர், தம் பதினான்காம் வயதில் தனியே இத்தலைநகருக்கு வந்தார். அன்று கடலைக் கடக்கக் கப்பல் வேண்டியிருந்தது. இன்று பாலமும் கடலடிச் சுரங்கமும் தீவுகளை இணைத்திருப்பதால் பயணம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

தந்தையின் கையில் ஒரு பட்டியல் இருந்தது. பார்க்கவேண்டிய ஏழு இடங்களும் அவற்றிற்குரிய நேரங்களும் அதில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. பட்டியலில் இடம்பெறாதது ஒன்றே: மூன்று வயதுக் கால்களின் வேகம்.

ஊர்திகள் விலகிய தெரு

நகர மன்றச் சதுக்கத்திலிருந்து தொடங்கும் ஸ்ட்ரோயட் என்னும் கடைவீதி ஒரு கிலோமீட்டருக்கும் சற்று மிகுந்த நீளமுடையது. 1962ஆம் ஆண்டு நவம்பரில் சோதனை முயற்சியாக இவ்வீதியில் ஊர்திகள் தடை செய்யப்பட்டன. குளிர்நாட்டு மக்கள் தெருவில் உலவ விரும்பமாட்டார்கள் என்றும், வணிகம் நலிந்துவிடும் என்றும் பலர் எதிர்த்தனர். மக்களோ தெருவை நிறைத்தனர்; ஏற்பாடும் நிலைத்தது. அவ்வீதியில் சிறுவன் தாயின் கையை உதறிவிட்டுப் புறாக்களின் பின்னால் ஓடினான். தாய் பதறவில்லை. பதறுவதற்குரிய காரணத்தை அந்நகரம் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே அகற்றியிருந்தது.

படிகளற்ற கோபுரம்

அடுத்து அவர்கள் வட்டக் கோபுரத்தை அடைந்தனர். நான்காம் கிறிஸ்டியன் என்னும் அரசர் வானியல் ஆய்வுக்காக எழுப்பிய இக்கோபுரம் 1642இல் நிறைவுற்றது. உயரம் ஏறத்தாழ 35 மீட்டர். இதன் உள்ளே படிகளுக்கு மாறாக, ஏழரைச் சுற்றுகளாகச் சுழன்றேறும் சாய்தளமே அமைந்துள்ளது. உச்சியை அணுகும்போதுதான் சில படிகள் எதிர்ப்படும். கனமான கருவிகளையும் நூல்களையும் மேலே கொண்டுசெல்ல ஏற்றவாறு இங்ஙனம் அமைத்தனர். உருசியப் பேரரசர் பீட்டர் 1716இல் குதிரைமீதமர்ந்தே இதில் ஏறினார் என்பர்.

இவ்வரசரின் காலத்தில்தான் தமிழகத்திற்கும் டென்மார்க்கிற்கும் இடையே உறவு மலர்ந்தது. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டேனியர்க்குத் தரங்கம்பாடியில் வணிக உரிமை வழங்கினார். அவர் நான்காம் கிறிஸ்டியனுக்கு விடுத்த பொன்னோலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் உள்ளது.

சிறுவனுக்கு வரலாறு தெரியாது, சரிவு தெரிந்தது. அவன் மேலேறினான், இறங்கினான், மீண்டும் ஏறினான். நண்பகலில் அரண்மனைக் காவலர் மாறும் காட்சி பட்டியலின் மூன்றாம் இடம். தந்தை மணி பார்த்துக் கடிந்துகொண்டார். சிறுவன் சுவரோடு ஒட்டி நின்று அழத் தொடங்கினான். தாய் பட்டியலை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தார். “நாம் பார்ப்பதற்காக வந்தோம்; முடிப்பதற்காக வரவில்லை” என்றார். தந்தை சற்று நேரம் பேசவில்லை. பின்னர் மகனுடன் ஐந்தாம் முறையாகச் சரிவில் ஏறினார்.

கடற்கன்னியும் சிறுமியும்

முன்புறம் பெட்டி பொருத்திய மூன்று சக்கர மிதிவண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்தனர். பிள்ளைகள் பெட்டியில் அமர, தாய் மிதித்தார். தந்தை வேறொரு மிதிவண்டியில் உடன் வந்தார். ஆண்டர்சன் வாழ்ந்த நியூஹவ்ன் கால்வாய்க்கரையைக் கடந்து, கடலோரத்தில் உள்ள கடற்கன்னிச் சிலையை அடைந்தனர். ஆண்டர்சன் 1837இல் வெளியிட்ட கதையின் நாயகி அவள். எட்வர்ட் எரிக்சன் வடித்த அச்சிலை 1913இல் நிறுவப்பட்டது.

சிலையின் உயரம் 1.25 மீட்டரே. உலகப் புகழ்பெற்ற சிலை இத்தனை சிறியதா எனச் சுற்றுலாப் பயணியர் பலர் ஏமாற்றமடைவதுண்டு. மகளோ நீர் விளிம்பில் நின்று நெடுநேரம் நோக்கி, “அம்மா, இவள் என் உயரம்தான் இருக்கிறாள்” என்றாள். பெரியோர் குறையெனக் கண்டதைச் சிறுமி உறவெனக் கண்டாள்.

மீண்டு வந்த நீர்

மாலையில் ஐலண்ட்ஸ் பிரிக பகுதிக்குச் சென்றனர். ஒரு காலத்தில் கழிவுநீரும் ஆலைக்கழிவும் கலந்து இத்துறைமுக நீர் குளிக்கத் தகாததாயிருந்தது. நகராட்சி பல்லாண்டுகள் முயன்று, பெருமழையின்போது கழிவுநீர் துறைமுகத்தில் வழியாதவாறு தேக்கங்கள் அமைத்தது. 2002இல் இங்கு நீராடு துறை திறக்கப்பட்டது. சிறுவர்க்கென ஆழம் குறைந்த குளங்களும் அங்குள்ளன. நீரின் தூய்மை தொடர்ந்து ஆய்வு செய்யப்படுகிறது; மாசு மிகுந்தால் துறை மூடப்படும்.

மகள் நீரில் குதித்தாள். மகன் தந்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பாதங்களை மட்டும் நனைத்துச் சிரித்தான். பட்டியலில் மூன்று இடங்கள் எஞ்சியிருந்தன. அவற்றை எவரும் நினைக்கவில்லை.

நகரம் யாருக்கு?

ஊர்தியற்ற வீதியும் தூய நீரும் இயற்கை அளித்த கொடைகளல்ல. எதிர்ப்பைப் பொறுத்து, பொருள் செலவிட்டு, காலம் கடந்து பயன்தரும் எனத் தெரிந்தே மனிதர் எடுத்த முடிவுகள் அவை. முடிவெடுத்தோர் பலர் அச்சிறுவனைக் கண்டதில்லை. ஆயினும் அவனுக்காகவே உழைத்தனர். வாக்குரிமை இல்லாத, கோரிக்கை எழுதத் தெரியாத குடிமக்களே குழந்தைகள். அவர்களுக்காகப் பேசும் கடமை வளர்ந்தோர்க்கு உரியது. விரைவில் வாக்காளராகவிருக்கும் மாணவர்க்கும் உரியது.

தெரிந்து தெளிவோம்

1943ஆம் ஆண்டு, செருமானியப் படைகள் டென்மார்க்கைக் கைப்பற்றியிருந்த காலத்தில், கோபன்ஹேகனின் எம்ட்ரூப் பகுதியில் பழம்பொருள் விளையாட்டிடம் ஒன்று திறக்கப்பட்டது. பலகை, கயிறு போன்றவற்றைக் கொண்டு சிறுவர் தாமே கட்டியும் கலைத்தும் விளையாடினர். நிலத்தோற்றக் கலைஞர் சோரன்சனின் இவ்வெண்ணம் பின்னர்ப் பிற நாடுகளிலும் பரவியது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்த் தெருவொன்றில் ஐந்து வயதுக் குழந்தை தனியே நடந்தால் எதிர்கொள்ளும் இடர்களைப் பட்டியலிட்டு, ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ ஒரு விண்ணப்பம் எழுதுக.

2. “நாம் பார்ப்பதற்காக வந்தோம், முடிப்பதற்காக வரவில்லை” – இக்கூற்றை உங்கள் பயண அனுபவத்துடன் ஒப்பிட்டு வகுப்பில் உரையாடுக.