சயாமுக்குப் போனவர்



நம் தோட்டப்புறக் குடும்பங்களில் மூத்தவர்களிடம் வம்ச வரலாறு கேட்டால், ஏதேனும் ஓர் உறவினரைக் குறித்து "அவர் சயாமுக்குப் போனவர்" என்ற விடை வரும். இறந்தவர் என்று சொல்ல மாட்டார்கள். எங்கள் குடும்பத்தில் அவர் என் தாத்தா.

1942-இல் மலாயா ஜப்பானியர் வசமானது. போர்முனையோ தொலைவில், பர்மாவில் இருந்தது. அங்குத் தளவாடங்களை அனுப்பவே சயாமிலிருந்து 415 கிலோமீட்டர் இரயில் பாதை அமைத்தார்கள். 1943 அக்டோபரில் அது முடிந்தது. அதற்காக மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டோர் 70,000-க்கும் மேற்பட்டவர்கள். பெரும்பாலோர் இரப்பர்த் தோட்டத் தமிழர்கள். தொடக்கத்தில் நல்ல கூலி, விரைவில் திரும்பலாம் என்று ஆசை காட்டினார்கள். ஆள் சேராதபோது, இலவசப் படக்காட்சி என்று அழைத்துக் கதவைச் சாத்திப் பிடித்துச் சென்றதும் உண்டு. காடும் பசியும் காலராவும் அவர்களைத் தின்றன.

அதே பாதையில் உழைத்த நேசநாட்டுப் போர்க் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். அவர்களுள் 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்குப் பெயர் பொறித்த கற்கள் வரிசையாக உள்ளன. அவர்களுடைய அதிகாரிகள் ஒளித்து வைத்தேனும் பட்டியல் எழுதினார்கள். தோட்டத்தில் நாள்தோறும் விடியற்காலையில் பெரட்டில் பெயர் கூப்பிடப்பட்டவர்கள் நம்மவர்கள். சயாமில் அவர்களைப் பெயர் சொல்லி எண்ணுவார் எவருமில்லை. எத்தனை பேர் மாண்டனர் என்பதில் இன்றும் கணக்குக்குக் கணக்கு வேறுபாடு. (வருகைப் பதிவேட்டோடு காலத்தைக் கழிக்கும் எனக்கு இது சிறு செய்தியாகத் தோன்றுவதில்லை.)

போர் முடிந்தபின் திரும்பி வந்த ஒவ்வொருவரிடமும் பாட்டி விசாரித்தார். பார்த்ததாகச் சொன்னவரும் இல்லை. புதைத்ததாகச் சொன்னவரும் இல்லை. ஆகவே தாலியைக் கழற்றவில்லை, குங்குமத்தை அழிக்கவில்லை. ஆயினும் திருமண வீடுகளில் மங்கலத் தட்டு ஏந்த அவரை எவரும் அழைத்ததில்லை. விலகி நில் என்றும் எவரும் சொன்னதில்லை. அவரே தூணோரம் ஒதுங்கிக்கொள்வார். சுமங்கலியா, கைம்பெண்ணா என்று ஊர் தீர்மானிக்காமலே அவருடைய காலம் முடிந்தது. வேறு சில பெண்கள் மறுமணம் செய்துகொண்டார்கள். பிள்ளைகளுக்குச் சோறு வேண்டுமே! அவர்களைக் குறை சொன்னவர்கள் மீதுதான் எனக்கு இன்றும் கோபம்.

தாத்தா போன நான்காம் மாதம் அப்பா பிறந்தார். அவர் முகத்தை அப்பா கண்டதில்லை, புகைப்படமும் கிடையாது. அப்பாவின் அடையாள அட்டையில், 'அனாக் லெலாக்கி' என்ற சொற்களுக்குப் பின் இருக்கும் பெயர் ஒன்றே தாத்தா வாழ்ந்ததற்கு எங்களிடமுள்ள எழுத்துச் சான்று.

திதி அறியாதவர்களுக்கு மகாளய அமாவாசை என்பது நம் வழக்கம். ஆண்டுதோறும் புரட்டாசியில் ஜெஞ்சாரோமிலிருந்து பந்திங் வழியாக மோரிப் கடற்கரைக்குச் செல்கிறோம். பாட்டி இருந்தவரை அதற்கு ஒப்பவில்லை. 1987-இல் அவர் மறைந்த பிறகே அப்பா முதன்முதலாகத் தம் தந்தையின் பெயரைச் சொல்லி எள்ளும் நீரும் இறைத்தார். அப்போது அவருக்கு வயது 44.