முதல்ல சாப்பாடு

ஈஸ்டர் வாழ்த்துன்னு காலையிலேர்ந்து போன்ல முட்டையும் முயலுமா வந்துக்கிட்டே இருக்கு.
எனக்கென்னமோ மீன்தான் ஞாபகம் வருது.

யோவான் நற்செய்தி, 21ஆம் அதிகாரம்.
உயிர்த்தெழுந்த இயேசு திபேரியா கடற்கரையில கரி நெருப்பு மூட்டி மீன் சுட்டு வெச்சிருக்கார்.
ராத்திரி முழுக்க வலை வீசி ஓஞ்சுபோய் வர்றவங்கள்ல பேதுருவும் ஒருத்தர்.
அந்த ஆளைத் தெரியவே தெரியாதுன்னு மூணு தடவை சாதிச்ச அதே பேதுரு.
(அப்பவும் குளிர் காஞ்சது கரி நெருப்புலதான்!)

ஏன்யா அப்படிச் சொன்னேன்னு ஒரு வார்த்தை இல்ல.
வாங்க, சாப்பிடுங்கன்னார்.
சாப்பிட்டு முடிச்சப்புறம்தான், என்மேல அன்பு இருக்கான்னு கேள்வி. அதுவும் மூணு தடவை.
கையோட ஆடுகளை மேய்க்கிற பொறுப்பையும் குடுத்துட்டார்.

பேதுருவுக்கு உயிர்ப்பு நடந்தது அந்த விடிகாலைச் சாப்பாட்டுலதான்னு தோணுது.

நானா இருந்தா மீனைத் தொட விட்டிருப்பேனா?
பழைய ஸ்கிரீன்ஷாட்டைத்தான் முதல்ல நீட்டியிருப்பேன் 😄

தவக்காலம் 40 நாளும் டீயை விட்டாச்சு, கறியை விட்டாச்சு.
அந்த ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் அழிக்கக் கை வரமாட்டேங்குது.
உங்கள்ல யாருக்காவது வந்திருக்கா?